ஏதமும் காவலும்

இரவுக்குறிப் பாடல்களில் ஆபத்து வழியில் இருக்கிறது. யானை, புலி, பாம்பு, காட்டாறு எல்லாவற்றையும் கடந்து தலைவன் வருகிறான். அந்த ஆற்றின் ஏதத்துக்குத் தோழி அஞ்சுகிறாள். ஆனாலும் அவனை யாரும் வீட்டில் பூட்டுவதில்லை. பூட்டப்படுபவள் தலைவி. அதற்கு இற்செறிப்பு என்று பெயர். ஏதம் அவனுக்கு, காவல் அவளுக்கு. தோழியின் அச்சத்தை ‘வரைவு கடாதல்’ என்று துறைக்குள் அடக்கிப் பல ஆண்டுகள் நானும் வகுப்பெடுத்தேன். இந்தக் காவல் புலிக்கு எதிரானதல்ல, அவள் விருப்பத்துக்கு எதிரானது என்று சொன்னதில்லை.

‘ஏமம்’ என்ற சொல்லுக்குக் காவல், இன்பம் என இரு பொருளும் உண்டு. இற்செறிப்பில் இரண்டாவது உதிர்ந்துவிடுகிறது. சிறைக்காவல் பயனற்றது என்னும் 57ஆம் குறளை முற்போக்கானதென்று கொண்டாடுகிறோம். அது காவலை நீக்கவில்லை. ‘நிறை’ என்ற பெயரில் அவளுக்குள்ளேயே கொண்டுபோய் வைக்கிறது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் மாலை 7 முதல் காலை 6 வரை ஆலையில் பெண்கள் வேலை செய்வதைத் தடுத்தது. அதே இரவில் செவிலியர்கள் வார்டுகளில் விழித்திருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் அத்தடையைச் செல்லாதென்றது.

ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை முன்வைத்து 2011இல் எழுதிய ‘ஒய் லாய்ட்டர்?’ நூல், பெண்கள் கேட்க வேண்டியது பாதுகாப்பை அல்ல, இடரை ஏற்கும் உரிமையை என்கிறது. எனக்கு உடன்பாடுதான். ஆனால் தானே ஏற்கும் இடர் வேறு, சுமத்தப்படும் இடர் வேறு. விடியுமுன் தெருக்கூட்ட வரும் பெண்ணை எந்த இற்செறிப்பும் தடுப்பதில்லை. அவள் நடந்துவரும் இருட்டு யாரையும் பதறவைப்பதுமில்லை. யாருடைய உடலை ‘குடும்ப மானம்’ என்று எண்ணுகிறோமோ, அவளுக்கு மட்டுமே காவல்.

பாதுகாப்பைக் காரணங்காட்டி விடுதி மாணவியர்க்குப் பாரபட்சமான விதிகள் கூடாதென்கின்றன, பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள். நான் விடுதித் துணைக் காப்பாளராக இருந்தபோது, பத்து நிமிடம் தாமதமாக வந்த மாணவி ஒருத்தி பூட்டிய கதவுக்கு வெளியே நின்றாள். வீட்டுக்குத் தகவல் சொல்லி, விளக்கக் கடிதம் வாங்கிக் கதவைத் திறக்க முக்கால் மணி நேரமானது. அவளைக் காக்கும் பூட்டு அவளை இருட்டில் நிறுத்தியிருந்தது. சாவி என்னிடம் இருந்தது. எங்கே போனாய் என்றுதான் கேட்டேன். வழியில் என்ன ஏதம் என்று, அந்தத் தோழியைப்போல், கேட்கத் தோன்றவில்லை.