நச்சுநிலமும் நாவலாசிரியரும்

ஒரு தொழிற்சாலை மூடப்படுவதோடு அதன் சரித்திரம் முடிந்துவிடுவதில்லை. இலாபம் கப்பலேறிய பின்னரும் கழிவு மண்ணிலே கிடக்கின்றது. அம்மண்ணைச் சுத்திகரிக்க வேண்டுமென அயலிலுள்ள ஏழை மக்கள் நடத்தும் போராட்டம் கண்ணைப் பறிக்கும் காட்சியன்று. மனுக்களாலும் ஊர்வலங்களாலும் நீண்ட காத்திருப்பாலும் ஆனது. இத்தகைய போராட்டத்தை இலக்கியம் எவ்வாறு சித்திரிக்கலாம் என்ற வினாவை எழுப்புவது, இந்திரா சின்ஹா ஆங்கிலத்தில் எழுதி 2007இல் வெளியான ‘அனிமல்ஸ் பீப்பிள்’ என்னும் நாவல்.

கதை நிகழும் கௌஃப்பூர் கற்பனை நகரம். எனினும் அது போபால் என்பதில் ஐயமில்லை. 1984 டிசெம்பர் 2ஆம் திகதி நள்ளிரவில் யூனியன் கார்பைட் பூச்சிநாசினி ஆலையிலிருந்து கசிந்த நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றமை உலகறிந்த செய்தி. அவ்வளவாக அறியப்படாதது, அவ்விரவுக்கு முன்னரே தொடங்கி அதன் பின்னரும் நீடித்த இன்னொரு நஞ்சூட்டல். ஆலை வளவினுட் புதைக்கப்பட்ட கழிவும், வெளியே அமைந்த ஆவியாக்கற் குளங்களிற் கொட்டப்பட்ட கழிவும் நிலத்தடி நீரிற் கலந்தன. சுற்றியுள்ள குடியிருப்பு மக்கள் அந்நீரையே அருந்தினர். அவர்களுக்குத் தூய குடிநீர் வழங்குமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 2004இலேதான் உத்தரவிட்டது.

நாவலைச் சொல்பவன் நஞ்சினால் முதுகெலும்பு வளைந்து நான்கு காலால் நடக்கும் அநாதை இளைஞன். ‘அனிமல்’, அதாவது மிருகம், என்பதே அவன் பெயர். வெளிநாட்டுப் பத்திரிகையாளன் விட்டுச் சென்ற ஒலிப்பதிவுக் கருவியிலே அவன் தன் கதையைக் கூறுகின்றான். துன்பத்தைச் சரக்காக்கும் பத்திரிகையாளனையும், கண்ணீர் விட்டுத் திருப்தியுறும் வாசகனையும் அவன் ஏளனம் செய்கின்றான். அநுதாபத்தை யாசிக்காத இக்குரலே நாவலின் தலையாய சிறப்பு. பறவையொலியோ பூச்சியொலியோ இன்றிக் காடாகிக் கிடக்கும் ஆலையை அவன் காட்டுமிடங்கள், புள்ளிவிபரங்கள் உணர்த்த இயலாததை உணர்த்துகின்றன. அமெரிக்க வைத்தியர் ஒருத்தி திறக்கும் இலவச மருத்துவமனையை, கம்பனியின் சூழ்ச்சியோ எனச் சந்தேகித்து மக்கள் பகிஷ்கரிக்கும் பகுதியும் உண்மை பொதிந்தது. பலமுறை ஏமாற்றப்பட்டவனுக்குத் தருமமும் பொறியாகவே தோன்றும்.

ஆயினும், போராட்டத்தை யார் நடத்துகின்றார்கள் என்று நோக்குமிடத்து நாவலின் குறை புலனாகின்றது. தலைவன் ஸபர், கல்வியைத் துறந்து வெளியூரிலிருந்து வந்த படித்த இளைஞன். அவனது உண்ணாவிரதமே கதையின் உச்சம். கம்பனியும் அரசும் இரகசியமாக உடன்படிக்கை செய்ய முனையும்போது, முகத்திரையணிந்த பெண்ணொருத்தி நெடியேற்றும் திரவத்தைக் கொட்டி அச்சந்திப்பைக் கலைக்கின்றாள். குடியிருப்பு மக்கள் கதையிலே திரளாக வருகின்றார்கள், அமைப்பாக வரவில்லை. அனிமலின் பார்வைக்கு எட்டியது அவ்வளவே எனச் சிலர் வாதிடலாம். அவனோ இயக்கத்துக்காக வேவு பார்ப்பவன், தோழர்களோடு கூடியிருப்பவன். எனவே அவ்வாதம் பொருந்தாது.

போபாலின் யதார்த்தம் வேறு. வாயுவாற் பாதிக்கப்பட்ட பெண்கள், காகிதப்பொருள் தயாரிக்கும் தொழிற்கூடமொன்றிற் கூலிக்கு அமர்ந்து, 1986இல் தமக்கெனத் தொழிற்சங்கம் கண்டனர். 1989இல் ஊதிய உரிமை கோரிப் பிள்ளைகளுடன் டெல்லிவரை நடந்தனர். அச்சங்கத்தின் தலைவியரான ரஷீதா பீயும் சம்பாதேவி சுக்லாவும் 2004இல் கோல்ட்மன் சுற்றாடல் விருதைப் பெற்றனர். ஒருவர் முஸ்லிம், மற்றவர் இந்து. 2006இலும் 2008இலும் போபால் மக்கள் மீண்டும் டெல்லிக்கு நடந்தபோது, நிலத்தைச் சுத்திகரித்தலும் தூய நீரும் அவர்களது கோரிக்கைகளுள் முக்கியமானவை. கூலிக்கான போராட்டமும் குடிநீருக்கான போராட்டமும் ஒன்றே என்று அப்பெண்கள் தம் வாழ்விற் கண்டறிந்தனர். இந்தக் கண்டறிதலன்றோ நாவலுக்குரிய பொருள்! அதை விடுத்து ஒரு வீரனின் பட்டினியையும் ஒரு பெண்ணின் துணிகரத்தையும் ஆசிரியர் நம்பியமை, ஆங்கில நாவல் மரபின் தனிமனித மோகம் அவரையும் விடவில்லை என்பதையே காட்டுகின்றது.

வழக்கு மீண்டும் ஒத்திவைக்கப்பட, ஏழைகள் ஏழைகளாகவே நிலைத்திருக்க, நாவல் முடிகின்றது. பொய் வெற்றி எதனையும் ஆசிரியர் புனையவில்லை. அந்நேர்மையைப் பாராட்ட வேண்டும். சரித்திரமும் அவர் பக்கமே நிற்கின்றது. 2001இல் யூனியன் கார்பைட்டை வாங்கிய டௌ கம்பனி பொறுப்பேற்க மறுத்தது. ஆலையிற் சேமித்திருந்த 337 தொன் நச்சுக்கழிவு 2025 ஜனவரியிலேதான் பீதாம்பூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவ்வாண்டின் நடுப்பகுதியில் எரித்து முடிக்கப்பட்டது. தம் ஊருக்கு நஞ்சைக் கொணர வேண்டாமெனப் பீதாம்பூர் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். போபாலிலே நஞ்சூறிய மண் 11 இலட்சம் தொன் என்பது 2010ஆம் ஆண்டின் மதிப்பீடு. அதனோடு ஒப்பிடின் எரிக்கப்பட்டது ஒரு கைப்பிடியே.

ஓரூர் ஏழையின் முற்றத்திலிருந்து மற்றோரூர் ஏழையின் முற்றத்துக்கு நஞ்சை மாற்றுவது சுத்திகரிப்பாகாது. இவ்விரு முற்றத்து மக்களும் கைகோத்தாலன்றி விடிவில்லை. அந்தக் கைகோப்பு தொழிற்கூடங்களிலும் குழாயடிகளிலும் எவ்வாறு உருவாகின்றது என்பதைச் சொல்லும் நாவல் இனித்தான் எழுதப்பட வேண்டும். அதை எழுதப் புகுபவர் சின்ஹாவின் நூலை முதலிற் படிக்கட்டும். அவர் துணிந்து சென்ற தூரத்தையும் நின்றுவிட்ட இடத்தையும் அறிந்துகொள்வது அடுத்த அடிக்குத் துணையாகும்.