பேண்டை இழுத்தால் மட்டும் போதுமா?

ரெசிஸ்டன்ஸ் பேண்ட் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது இதுதான்: எறியும் விளையாட்டு ஆடும் பிள்ளைகள் அதை இழுத்துப் பழகினால் தோள் பலமாகும், தோள் பலமானால் காயம் வராது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆய்வுகளை எடுத்துப் படித்தால் அவ்வளவு சுலபமாக இல்லை.

ஆதாரங்களில் வலுவானது, 2017-ல் வெளியான நார்வே ஹேண்ட்பால் ஆய்வு (நம்ம வாலிபால் இல்லைங்க, பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம்). 45 அணிகள், 660 ஆட்டக்காரர்கள். ஒரு பிரிவு அணிகள் வாரம் மூன்று முறை, வார்ம்-அப்பிலேயே பத்து நிமிடம் பேண்ட், புஷ்-அப், பந்து எறிதல் என்று ஒரு திட்டத்தைச் செய்தன. சீசன் முழுக்கப் பார்த்தால் தோள் தொல்லை அவர்களிடம் சராசரியாக 17 சதவீதம், மற்றவர்களிடம் 23. நல்ல பலன், மறுக்கவே இல்லை. ஆனால் ஆடியவர்கள் மேல்மட்ட அணிக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள் கிடையாது. பல பயிற்சிகள் சேர்ந்து கொடுத்த பலனை பேண்ட் பெயரில் மட்டும் எழுதவும் முடியாது.

அதே திட்டத்தைப் பதினேழு வயதை ஒட்டியவர்களிடம் செய்து பார்த்த ஆய்வு 2020-ல் வந்தது. இதில் பலத்தை அளந்தார்கள். கையை வெளிப்பக்கம் திருப்பும் தசைகளின் பலம், முதல் ஆய்வின் பலனை விளக்கும் அளவுக்குக் கூடவில்லை. அதாவது திட்டம் உதவுகிறது. ஆனால் "பலம் கூடியதால்தான்" என்று அடித்துச் சொல்ல வழியில்லை. எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. பேண்ட் ஆரம்பத்தில் லேசு, இழுக்க இழுக்கத்தான் கனம். ஒரே பேண்டை மாதக்கணக்கில் இழுத்தால் தசைக்குப் புதுசா என்ன வேலை இருக்கு?

மூன்றாவது ஆய்வைத்தான் கோச்சுகள் முக்கியமாகப் படிக்கணும். டென்மார்க்கில் 14 முதல் 18 வயது வரையான 679 பேரை 31 வாரம் கவனித்தார்கள். முந்தைய நான்கு வாரச் சராசரியைவிட ஒரு வாரத்து ஆட்டம் 60 சதவீதத்துக்கு மேல் எகிறினால் தோள் காயமும் கூடியது. ஆட்டம் கூடிய வாரங்களில் பலம் குறைந்த தோள்காரர்களுக்குப் பாதிப்பு இன்னும் அதிகம்.

ஆக, பலம் தேவைதான். அது தாங்க வேண்டிய சுமையை யாராவது எண்ணவும் வேண்டும். அமெரிக்காவின் லிட்டில் லீக் பேஸ்பாலில், 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் பிட்ச் செய்யக்கூடாது என்று விதியே இருக்கிறது. லீவு முடிந்து வந்த பிள்ளையை டோர்னமென்ட் வாரத்தில் இரண்டு மடங்கு எறியவிட்டு, "பேண்ட் பண்ணியாச்சே" என்று நிம்மதியாக இருப்பதுதான் என் பயம். பேண்ட் வாங்குங்கள், தவறில்லை. கூடவே ஒரு நோட்டும் வாங்கி, வாரத்துக்கு எத்தனை எறிதல் என்று எழுதி வையுங்கள்.