ஆற்றுப்படையும் அறிமுகவுரையும்: உளவளத்துணை மையங்களின் இணையத்தமிழ்

உளவளத்துணை மையங்கள் இணையதளங்களில் தம்மை அறிமுகப்படுத்திக் கொள்ளும் உரைகள் தமிழில் ஒரு தனி எழுத்துவகையாக உருப்பெற்று வருகின்றன. அவற்றை விளம்பரம் என ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின், தன் துன்பத்தை எவரிடமும் கூறாத ஒருவர், வீட்டார் உறங்கிய பின் முதன்முதலாகப் படிக்கும் உரை அதுவாக இருக்கக்கூடும். அதிலுள்ள ஒரு சொல் அவரை அழைக்கலாம். திருப்பி அனுப்பியும் விடலாம். அவ்வகையில் அது திறனாய்வுக்கு உரிய பனுவலே.

இவ்வுரைகளுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் சிந்திக்கப்பெற்றுத் தமிழில் எழுத்துக் கூட்டப்பெற்றவை. ‘பாதுகாப்பான வெளி’, ‘உங்கள் பயணத்தில் உடன் நடப்போம்’, ‘உங்களுக்காக நாங்கள் இருக்கிறோம்’ போன்ற தொடர்களில் சொற்கள் தமிழாயினும் வழக்கு தமிழன்று. ‘வெளி’ என்னும் சொல் தமிழ்ச் செவிக்கு வெட்டவெளியையே முதலில் உணர்த்தும். ஒதுங்கி அமர்ந்து பேசும் இடத்தை உணர்த்தாது.

கலைச்சொற்களிலும் இடர்ப்பாடு உண்டு. ‘கலந்தாய்வு’ என்பது தமிழகத்தில் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையையே நினைவூட்டும். ‘ஆலோசனை’ என்பதோ அறிவுரை கூறுதலாகப் பொருள்படும். கேட்டலே முதன்மையான ஒரு பணிக்கு அது பொருந்துவதில்லை. ‘மன அழுத்தம்’ வேலைச்சுமையால் வரும் நெருக்கடியையும், மாதக்கணக்கில் நீடிக்கும் மனச்சோர்வு நோயையும் ஒருங்கே குறிக்கிறது. அழுகை என்னும் மெய்ப்பாடு ஒன்றற்கே இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியம் பிரித்துரைக்கிறது. பிறரால் இகழப்பட்டு அழுவதும், உரியாரை இழந்து அழுவதும், முன்னைய நிலை கெட்டு அழுவதும், வறுமையால் அழுவதும் வெவ்வேறு என அறிந்த மொழி, இன்று அனைத்தையும் ‘அழுத்தம்’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடைத்து வைத்திருப்பது வியப்பிற்குரியது.

ஈழத்தில் உளவளத்துணை என்பதோடு ‘ஆற்றுப்படுத்தல்’ என்னும் சொல்லும் வழங்குகிறது. வழியைக் குறிக்கும் ‘ஆறு’, துயர் தணித்தலைக் குறிக்கும் ‘ஆற்று’ ஆகிய இரண்டும் அதில் ஒலிக்கின்றன. இச்சொல்லின் பின்னணியில் ஆற்றுப்படை இலக்கியத்தை நோக்கின், அறிமுகவுரை எங்குப் பிழைபடுகிறது என்பது தெளிவாகும். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீள்பவன், வறியவனாய் எதிர்ப்படுபவனுக்கு வழிகூறுவதே அவற்றுள் பெரும்பான்மைக்கும் அமைப்பு. அங்குக் கூறுவோன் ‘நீ வறியவனா?’ என வினவித் தொடங்குவதில்லை. சிறுபாணாற்றுப்படையில் அவன் தன் இல்லத்து வறுமையையே எடுத்துரைக்கிறான்: உப்பின்றி வெந்த கீரை, பிறர் கண்டு இகழ்வரோ என நாணி அடைக்கப்பட்ட கதவு. கேட்போனின் நாணம் அங்குக் குறிப்பாலேயே மதிக்கப்படுகிறது. இன்றைய உரைகளோ ‘நீங்கள் மனநோயால் பாதிக்கப்பட்டவரா?’ என்று முதல் வரியிலேயே அக்கதவைத் தட்டுகின்றன. 1794-இல் தொடங்கிய காப்பகத்தின் வழிவந்த மனநல மருத்துவமனை அமைந்ததனாலேயே ‘கீழ்ப்பாக்கம்’ என்னும் ஊர்ப்பெயர் பேச்சுவழக்கில் வசையாகிவிட்ட சமூகத்தில், இவ்வினாவுக்கு ‘ஆம்’ என விடை கூறிக்கொண்டு மேலே படிப்பவர் எத்தனை பேர்? மேலும், படிப்பவர் பலநேரங்களில் துன்புறுபவர் அல்லர். அவருடைய தாயோ, மனைவியோ, தமையனோ ஆவர். பாணனுடன் அவனுடைய சுற்றமும் வருவதை அறிந்து பாடிய மரபு இது. ‘நீங்கள்’ என்னும் ஒருமுக விளிக்குள் இச்சுற்றம் அடங்குவதில்லை.

எனினும் ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. அம்முறிவே இவ்வெழுத்துவகையின் உண்மையான சிக்கல். ஆற்றுப்படையில் பேசுவோன் பயன்பெற்றவன். மனநலத் துறையில் பயன்பெற்றவரின் குரலைப் பயன்படுத்துதல் அறமன்று. சிகிச்சையில் இருப்போரிடம் பாராட்டுரை கேட்டுப் பெறுதலை அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறைகள் விலக்குகின்றன. மருத்துவர் விளம்பரத்தால் நோயாளிகளை ஈர்ப்பதை 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக விதிகள் தடுக்கின்றன. அக்குரல் இல்லாத இடத்தில் மையமே புரவலனாகவும் பாணனாகவும் மாறித் தன்னைத்தானே பாடிக்கொள்கிறது. ‘முழுமையான தீர்வு’, ‘நிரந்தர விடுதலை’ போன்ற உறுதிமொழிகள் இவ்வாறு பிறப்பவை. எந்த நேர்மையான உளவியலாளரும் தம் அறையில் இவற்றைக் கூறமாட்டார்.

புகழ்ச்சி விலக்கப்படின் எஞ்சுவது வழி. 583 அடிகள் கொண்ட மலைபடுகடாத்தில் பெரும்பகுதி வழியைப் பற்றியதே. பாம்பு உறையும் இடம், பன்றிக்கு வைத்த பொறி, கானவர் எறியும் கவண்கல், கால் வழுக்கும் நிலம் என இடையூறுகள் மறைக்கப்படாமல் கூறப்படுகின்றன. நன்னனின் பெருமை அதனால் குறையவில்லை. அறிமுகவுரைக்கு உரிய செய்திகளும் இத்தகையனவே: மருந்து எழுதும் மனநல மருத்துவர் இருக்கிறாரா, மருந்து எழுத உரிமையற்ற உளவியலாளர் மட்டும்தானா, ஓர் அமர்வு எவ்வளவு நேரம், கட்டணம் எவ்வளவு, தமிழில் பேச இயலுமா, முதல் நாளில் என்ன கேட்பார்கள். தமிழகத்திற்கு வெளியே வாழும் தமிழர்க்கு மொழி பற்றிய ஒரு வரி, பக்கம் நிறைந்த பரிவுமொழிகளைவிடப் பயனுடையது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வுக் கழகம் ஏற்ற கல்வித்தகுதியை வரையறுக்கிறது. ‘ஆலோசகர்’ என்பார்க்கு அதில் அத்தகைய வரையறை இல்லை. ஆகவே பெயருக்கு முன் இடும் அடைமொழியைவிடப் பதிவெண்ணே பெரிது.

வழியின் இடையூறுகளையும் கூறியாக வேண்டும். ‘அனைத்தும் இரகசியமாகக் காக்கப்படும்’ என்னும் தொடர் ஏறத்தாழ எல்லா உரைகளிலும் காணப்படுகிறது. அது முழு உண்மையன்று. உயிருக்கு ஆபத்து நேருமிடத்தும் நீதிமன்ற ஆணை உள்ளவிடத்தும் செய்தி வெளியிடுவதற்கு அச்சட்டமே இடந்தருகிறது. இவ்விலக்கை முன்னரே எளிய தமிழில் கூறும் உரை சிலரை இழக்க நேரலாம்; பின்னர் அறிந்து ஏமாற்றப்பட்டதாக எவரும் கருதமாட்டார். அவ்வாறே, இரவில் படிப்பவருக்கு மறுநாள் காலைவரை காத்திருக்க இயலாது போகலாம். 2022 அக்டோபர் 10 அன்று நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண், மையத்தின் சொந்தத் தொலைபேசி எண்ணுக்கு மேலே அச்சிடப்பெற வேண்டும். வேறொரு வாயிலைக் காட்டுவதில் இழுக்கில்லை. சிறுபாணனும் நல்லியக்கோடனின் ஊரை அடையும்முன் வழியிலுள்ள பிறர் மனைகளில் உண்டே செல்கிறான்.