மைசூர் பருப்பும் ஒற்றை மரபணு மீதான நம்பிக்கையும்

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அன்றாடம் வேகும் மைசூர் பருப்பு கிட்டத்தட்ட முழுவதும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் விளைந்து கப்பலேறி வருவது. மசூர் என்றும் சொல்லப்படும் இந்தப் பருப்பைத் தலைமுறை தலைமுறையாக விதைத்துவந்த வங்கதேசம்கூட இன்று போதாக்குறைக்கு அந்த நாடுகளிடம்தான் வாங்குகிறது. 1970 வாக்கில்தான் வணிகப் பயிராக அதைத் தொட்ட சஸ்காட்சுவான் மாகாணமோ உலகுக்கே விற்கிறது. நிலப்பரப்பு, இயந்திரம், அரசுக் கொள்கை எல்லாம் இதற்குக் காரணம்தான். ஆனால் புதிய ரகங்களை உருவாக்கும் வேலை எங்கே சாதித்தது, எங்கே தடுமாறியது என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலில் சாதனை. மசூர் தெற்காசியாவுக்கு மேற்காசியாவிலிருந்து வந்த பயிர். வந்த விதை கொஞ்சமாகத்தான் இருந்திருக்க வேண்டும். இங்குள்ள ரகங்களுக்கிடையே மரபு வேறுபாடு அவ்வளவு குறைவு. அந்தச் சிறிய வட்டத்துக்குள்ளேயே எத்தனை முறை கலந்தாலும் துரு நோயையும் ஸ்டெம்ஃபிலியம் கருகலையும் தாங்கும் செடி கிடைப்பது அரிது. சிரியா, துருக்கி ரகங்களோடு கலக்கலாம் என்றால் பகற்பொழுதின் நீளமும் வெப்பமும் குறுக்கே நின்றன. உள்ளூர்ச் செடியில் காய் முற்றும்போதுதான் அவை பூக்கவே தொடங்கும். இந்தப் பூட்டைத் திறந்தது சற்றும் எதிர்பாராத ஒரு விதை: அர்ஜென்டினாவிலிருந்து வந்த, சீக்கிரமே பூக்கும் 'ப்ரெகோஸ்'. சிரியாவின் அலெப்போ அருகே 1977இல் தொடங்கப்பட்ட இக்கார்டா ஆய்வு மையம் இப்படி உலகெங்கும் விதை திரட்டி வைத்திருந்ததால்தான் இது கைக்கு எட்டியது. அந்த மையத்தோடு சேர்ந்து வங்கதேச வேளாண் ஆய்வு நிறுவனம் 1990களில் வெளியிட்ட 'பாரி மசூர்' வரிசை ரகங்களில் சில, இரண்டு நோய்களையும் தாங்கி நல்ல மகசூலும் தந்தன. சிரியப் போரில் அலெப்போ விதை வங்கி முடங்கியபோது, நார்வேயின் ஸ்வால்பார்டு விதைக் காப்பகத்தில் வைத்திருந்த நகல் விதைகளை 2015இல் திரும்பப் பெற்று லெபனானிலும் மொராக்கோவிலும் மீண்டும் பெருக்கினார்கள். மகசூல் கணக்குகளைவிட இந்த விதைச் சேமிப்பையே நான் பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

கலப்பு வேலையும் லேசானதல்ல. மசூர்ப் பூ விரியும் முன்பே தன் மகரந்தத்தால் சூல் கொண்டுவிடும். மொட்டை இடுக்கியால் பிரித்து மகரந்தப் பைகளை நீக்கி வேறு மகரந்தம் தடவினால், பலித்த காயில் ஒன்றோ இரண்டோ விதை.

சிக்கல் இதற்குப் பின்தான். பாடுபட்டுப் புகுத்திய நோய் எதிர்ப்பு பல சமயம் ஒரே மரபணுவை நம்பியிருக்கிறது. அந்த ஒரே ரகம் பரந்த நிலமெங்கும் விதைக்கப்படுகிறது. பூஞ்சைக்கு அது ஒரு பரீட்சை. ஒருமுறை தேறினால் எல்லா வயலும் அதற்குச் சொந்தம். கனடாவில் ஆந்த்ரக்னோஸ் பூஞ்சையில் இரண்டு இனவகைகள் உண்டு. ஒன்றைத் தாங்கும் ரகங்கள் வந்துவிட்டன. கொடியதான மற்றொன்றைத் தாங்கும் வலுவான குணம் பயிரிடும் மசூரில் சரிவரக் கிடைக்காததால், 'லென்ஸ் எர்வாய்டஸ்' என்ற காட்டு உறவிடம் போக வேண்டியிருந்தது. அந்தக் கலப்பில் கருவைத் தனியே எடுத்து ஆய்வகத்தில் வளர்த்தால்தான் செடி பிழைக்கும். வேர் அழுகலை உண்டாக்கும் அஃபனோமைசிஸ் இன்னும் மோசம். வலுவாக எதிர்த்து நிற்கும் ரகம் இல்லாததால், ஆறு முதல் எட்டு ஆண்டு அந்த வயலில் மசூரை விதைக்காதீர்கள் என்பதே அங்கு தரப்படும் அறிவுரை. நல்ல விலை கிடைக்கிறதென்று அடுத்தடுத்து மசூரையே விதைத்த நிலத்தைப் புது ரகத்தால் மட்டும் காப்பாற்ற முடியாது.

களைக்கொல்லியைத் தாங்கும் ரகங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. இமிடாசோலினோன் மருந்தடித்தும் சாகாத மசூர், இயந்திரப் பண்ணைக்குப் பெரும் வசதி. ஆனால் அதே வகை மருந்துக்குச் சாகாத கோச்சியா களை சஸ்காட்சுவான் வயல்களில் பரவலாகிவிட்டது.

வங்கதேசத்தின் பிரச்சினை வேறு. ஆழ்துளைக் கிணறும் பாசன நெல்லான போரோவும் பரவியதும் மசூரின் குளிர்காலப் பருவத்தை நெல் பிடித்துக்கொண்டது. மீதமிருக்கும் வாய்ப்புகளில் ஒன்று, அறுவடைக்கு முன் மழைக்கால நெல் நிற்கும்போதே ஈர மண்ணில் விதையைத் தூவிவிடுவது. காவிரிப் படுகையில் சம்பா நெல்லுக்குள் உளுந்து தெளிப்பதும் இதே முறைதான். உழவில்லை, உரமில்லை; கடைசியில் மண் காய்ந்து இறுகும். ஆனால் ரகங்களைத் தேர்ந்தெடுக்கும் சோதனைத் திடல்கள் பெரும்பாலும் உழுது, வரிசையில், உரிய நாளில் விதைத்தவை. அங்கே முதலிடம் பெறும் செடி நெல் தாளுக்கிடையே முளைத்து எழும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அப்படி எழும் செடியைத் தேட வேண்டுமானால் தேர்வையே நெல் வயலில் நடத்த வேண்டும். அதற்கு, சோதனைத் திடலில் மகசூல் சற்றுக் குறைந்த ரகத்தையும் வெளியிடச் சம்மதிக்கும் குழு வேண்டும்.