மல்டிமீட்டரில் அலையும் எண்களை எப்படி ரசிப்பது?

சில நூறு ரூபாய் ஆட்டோரேஞ்ச் மல்டிமீட்டர் ஒன்றை வோல்ட்டில் வைத்து, இரண்டு முனைகளையும் எதிலும் படாமல் மேசைமேல் விடுங்கள். திரையில் மில்லிவோல்ட் எண்கள் ஏறி இறங்கும். ஒயரைக் கையால் பிடித்தால் மாறும், பிளக் பாயிண்ட் அருகே கொண்டுபோனால் இன்னும் மாறும். மீட்டர் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகாதீர்கள். உங்கள் சுவருக்குள் இருக்கும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் காற்றுவழியாக அந்த ஒயரில் ஏறுகிறது. இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வையுங்கள். எண் பூஜ்யத்துக்கு வந்து நிற்கும். ரசனையின் முதல் பாடம் இந்த ஒரு தொடுதலில் இருக்கிறது.

காரணம் மீட்டரின் நல்ல குணம்தான். அளக்கப்படும் சர்க்யூட்டைக் குலைத்துவிடக் கூடாது என்பதற்காக அது மிகக் குறைந்த கரண்ட்டையே இழுக்கிறது. இத்தகைய மீட்டர்களின் உள்தடை பெரும்பாலும் 10 மெகாஓம். அவ்வளவு நுண்ணிய காதுக்கு முணுமுணுப்பும் கேட்கத்தானே செய்யும்!

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டிய இடம் வீட்டு ஒயரிங். சுவிட்சை அணைத்து, ஃபேனைக் கழற்றிய பிறகும் அதற்குப் போகும் ஒயரில் 60, 90 வோல்ட் என்று காட்டி எலெக்ட்ரீஷியனையே யோசிக்க வைக்கும். அந்த ஒயர் எங்கும் இணைக்கப்படவில்லை. ஆனால் ஒரே பைப்பில் உயிருள்ள லைன் ஒயரை ஒட்டியே ஓடுகிறது. நடுவே இன்சுலேஷன் இருப்பதால் இரண்டும் சேர்ந்து ஒரு சிறு மின்தேக்கி ஆகிவிடுகின்றன. ஐந்து மீட்டர் நீளத்துக்கு 300 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 50 ஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 10 மெகாஓம் தடைக்குச் சமம். மீட்டரும் 10 மெகாஓம். 230 வோல்ட்டை இருவரும் பங்கிட்டுக்கொள்ள, திரையில் பெரிய எண் நிற்கிறது. அதன் பின்னால் இருக்கும் கரண்ட் ஒருசில மைக்ரோஆம்பியர்தான். அணைத்த பிறகும் சில வீடுகளில் எல்இடி பல்பு மங்கலாக மினுங்குவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

இதே இடத்தில் மஞ்சள் நிற டிடி-830 வகை மீட்டரை வைத்தால் ஏசி ரேஞ்சில் சில வோல்ட்டுகளே காட்டும். அதன் ஏசி உள்தடை அரை மெகாஓமுக்கும் குறைவு. வந்த முணுமுணுப்பை அதுவே அமுக்கிவிடுகிறது. விலை குறைந்த மீட்டர் இந்த ஒரு விஷயத்தில் தெளிவாகப் பேசுவது எனக்கு மிகவும் பிடித்த முரண். எந்த மீட்டராக இருந்தாலும், சந்தேகமான ஒயருக்கும் நியூட்ரலுக்கும் இடையே எலெக்ட்ரீஷியன் ஒரு குண்டு பல்பைக் கோத்துப் பார்ப்பார். ஒட்டிவந்த வோல்ட் அந்த நொடியே சரிந்துவிடும். உண்மையான சப்ளை என்றால் பல்பு எரியும். இதற்கு எல்இடி பல்பு உதவாது.

மஞ்சள் மீட்டரிடம் வேறு சில பழக்கங்கள் உண்டு. அதன் ஏசி ரேஞ்சில் ஒற்றை டயோடுதான் வேலை செய்கிறது. அதனால் 12 வோல்ட் பேட்டரியை ஏசியில் வைத்து அளந்தால் ஏறக்குறைய இரு மடங்கு காட்டும். முனைகளை மாற்றினால் பூஜ்யம். 200 ஓம் ரேஞ்சில் முனைகளைச் சேர்த்தாலும் அரை ஓம் போல ஏதாவது மிஞ்சும். அது ஒயரின் சொந்தத் தடை, கழித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி மிகவும் தளர்ந்துவிட்டால் வோல்ட்டைக் கூடுதலாகக் காட்டத் தொடங்கும். பழகிய பேட்டரி திடீரென்று அதிக வோல்ட் காட்டினால், முதலில் மீட்டரின் பேட்டரியைச் சந்தேகியுங்கள்.

750 வோல்ட் ஏசி ரேஞ்சில் இவ்வகை மீட்டரின் துல்லியம் பொதுவாக 1.2 சதவீதமும் மேலே கடைசி இலக்கத்தில் 10 எண்ணும் என்று குறிக்கப்பட்டிருக்கும். அப்படியானால் திரையில் 230 என்பது 217-க்கும் 243-க்கும் இடையில் எங்கோ. கடைசி இலக்கம் துள்ளுவதைக் கண்டு மின்வாரியத்தைக் குறைசொல்ல வேண்டாம்.

ஒன்று மட்டும் கட்டாயம். அலையும் எண்தானே என்று எந்த ஒயரையும் தொட்டுவிடாதீர்கள். பூஜ்யம் காட்டினாலும் தொடாதீர்கள். முதலில் சப்ளை இருப்பது உறுதியான பிளக்கில் மீட்டரைச் சோதியுங்கள், பிறகு மெயினை அணைத்து அந்த ஒயரை அளந்துபாருங்கள். அதன்பின் சப்ளை உள்ள வேறோர் இடத்தில் மீட்டர் இன்னும் வேலை செய்கிறதா என்று மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.