பசுக்கருவும் ஆக்சிஜனும்: ஆய்வுக்கூட மரபுகள்

பசுவின் கருக்குழலில் ஆக்சிஜன் குறைவு. நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பதில் பாதிகூட அங்கே இராது. அந்தச் சூழலுக்குப் பழகிய கருவை ஆய்வுக்கூடத் தட்டில் இட்டதும் சூழல் மாறிவிடுகிறது. காற்றும் வெளிச்சமும் படுகின்றன; ஊடகத்தில் கலந்துவிட்ட இரும்பு, செம்பு அயனிகளும் சேர்ந்துகொள்கின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகிச் செல்சவ்வையும் டி.என்.ஏ.வையும் மைட்டோகாண்ட்ரியாவையும் தாக்குகின்றன. கொழுப்புத் துளிகள் நிறைந்த பசுக்கருவில் இந்தச் சேதத்துக்கு இடம் அதிகம்.

அமெரிக்காவில் பிராக்கெட் குழுவின் முயற்சியால் முதல் சோதனைக்குழாய்க் கன்று 1981இல் பிறந்தது. கருத்தரிக்க வைப்பது கைவந்த பிறகும் வளர்ப்பது கைவரவில்லை. 8 முதல் 16 செல் நிலையில் கருக்கள் நின்றுபோயின. கருவின் சொந்த மரபணுக்கள் விழிக்கும் கட்டம் அது. அந்தத் தடையைத் தாண்டும் முயற்சிகளிலிருந்தே இந்தத் துறையின் மரபுகள் கிளைத்தன.

முதலாவது துணைச்செல் மரபு. கருக்குழல் சுவரின் செல்களையோ முட்டையைச் சூழ்ந்த கிரானுலோசா செல்களையோ கருவோடு சேர்த்து வளர்த்தார்கள். 1980களின் பிற்பகுதியில் விஸ்கான்சினில் ஐஸ்டோனும் ஃபர்ஸ்டும் இந்த வழியில் கருக்களைத் தடையைக் கடக்க வைத்தார்கள். துணைச்செல்கள் வளர்ச்சிப் பொருள்களைச் சுரக்கின்றன என்று கருதப்பட்டது. ஆனால் அவை ஆக்சிஜனை உண்டு குறைத்ததும், நச்சு மூலக்கூறுகளை அகற்றியதும்கூடப் பெரிய உதவியாக இருந்திருக்கலாம் என்று பின்னர் கருதப்பட்டது.

அடுத்தது குறை ஆக்சிஜன் மரபு. வரலாற்றில் இதன் வேர் முந்தையது. டெர்விட், விட்டிங்ஹாம், ரௌசன் மூவரும் செம்மறியாட்டின் கருக்குழல் நீரைப் பின்பற்றிச் செயற்கைக் கருக்குழல் ஊடகத்தை 1972இல் வெளியிட்டார்கள். 5 சதவீத ஆக்சிஜன், 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு, 90 சதவீத நைட்ரஜன் என்ற கலவை இந்த மரபின் அடையாளம். துணைச்செல் செய்த வேலையை வாயுச் சிலிண்டரே செய்துவிடுகிறது. ஆக்சிஜனேற்றத் தடுப்பானைச் சேர்ப்பதற்கு முன் சேதத்தின் காரணத்தையே குறைக்கும் மரபு இது.

மூன்றாவது, கந்தகச் சேர்மங்களான தயோல்களின் மரபு. முட்டையின் தற்காப்புக்குக் குளூட்டாதயோன் என்ற சிறு பெப்டைடு அடிப்படை. முட்டை முதிரும்போது அது சேமிக்கப்படுகிறது. விந்தணுத் தலை அவிழவும் அதுவே தேவை. அதன் மூலப்பொருளான சிஸ்டீன் ஊடகத்தில் விரைவிலேயே சிஸ்டினாக மாறி வீணாகிறது. சிஸ்டியமைனும் மெர்காப்டோஎத்தனாலும் அதை மீட்டுச் செல்லுக்குள் அனுப்புகின்றன. ஜப்பானில் தகாஹாஷி குழு 1993இலும், அர்ஜென்டினாவில் டி மாடோஸ் குழு 1995இலும் இதை நிறுவின. முதிர்ச்சி ஊடகத்தில் 100 மைக்ரோமோலார் சிஸ்டியமைன் இன்று பல கூடங்களின் வழக்கம். தடுப்பான்களில் வேதியியல் காரணம் தெளிவாக விளங்கும் மரபு இதுதான்.

வைட்டமின் மரபில் கொலராடோவின் ஓல்சனும் சைடலும் 2000இல் வெளியிட்ட வைட்டமின் ஈ ஆய்வு தனித்து நிற்கிறது. அவர்கள் தட்டோடு நிற்காமல், ஏற்புப் பசுக்களுக்கு மாற்றிய பின்னும் கருக்களைப் பின்தொடர்ந்தார்கள். அதன்பின் மெலட்டோனின், ரெஸ்வெராட்ரால், அஸ்டாசாந்தின் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. புதிய பொருள் ஒவ்வொன்றும் சில புள்ளிகள் உயர்வைக் காட்டுகிறது. ஒரே நிபந்தனையில் அவற்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட ஆய்வுகள் குறைவு.

எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? பிளவு விகிதம் பலவீனமானது. பிளந்த கருக்களில் பாதிக்குமேல் பின்னர் நின்றுவிடலாம். ஏழாம் நாளில் பிளாஸ்டோசிஸ்ட் எனும் உட்குழி கொண்ட நிலையை எட்டும் விகிதம் அதைவிட நல்ல அளவுகோல். 30 முதல் 40 சதவீதம் நல்ல கூடத்தின் கணக்கு. டப்ளினில் ரிசோஸ், லோனர்கன் குழு 2002இல் கண்டது இந்தக் கணக்கையும் திருத்தியது: எத்தனை கரு தேறும் என்பதை முட்டை முதிர்ந்த விதமும், தேறிய கருவின் தரத்தை வளர்ந்த சூழலும் தீர்மானிக்கின்றன. தரத்துக்கு அவர்கள் வைத்த சோதனை, உறையவைத்து உருக்கியபின் கரு பிழைக்கிறதா என்பது. ஆகவே முதிர்ச்சி ஊடகத்தில் சேர்த்த தடுப்பானை எண்ணிக்கையாலும், வளர்ப்பு ஊடகத்தில் சேர்த்ததை உறைபனித் தாக்குப்பிடிப்பாலும் மதிப்பிடுவதே முறை. இரண்டுக்கும் மேலான தீர்ப்பு கன்றுடையது. வளர்ப்பு ஊடகத்தில் சேர்த்தபோது அதிக எண்ணிக்கையில் பிளாஸ்டோசிஸ்ட் தந்த இரத்தச் சீரம், கருவில் கொழுப்பை ஏற்றியதோடு, பெருத்த கன்றுகள் பிறக்கும் கோளாறோடும் தொடர்புடையது என்பதை மறக்கலாகாது.

யார்க் பல்கலைக்கழகத்தின் லீஸ் 2002இல் முன்வைத்த ‘அமைதியான கரு’ கருதுகோள் இங்கே ஓர் எச்சரிக்கை: ஆரவாரமற்ற வளர்சிதைமாற்றம் உடைய கருவே நன்றாகப் பிழைக்கிறது. சிறிதளவில் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் செல்லுக்குச் சமிக்ஞைகளும் ஆகும். அவற்றை முழுக்கத் துடைப்பது நன்மையல்ல.

எனவே வரிசை இப்படி அமைய வேண்டும்: முதலில் வாயு, அடுத்து சீரத்தைக் குறைத்தல், பிறகு தயோல், கடைசியில் மற்றவை. 20 சதவீத ஆக்சிஜனில் வெற்றிபெற்ற பொருளுக்கு 5 சதவீதத்தில் வேலையே இல்லாமற் போகலாம். ஆகவே ஆக்சிஜன் அளவைச் சொல்லாத எந்த முடிவையும், அது எவ்வளவு உயர்வைக் காட்டினாலும், கணக்கில் வரவு வைக்கத் தேவையில்லை.