சாய்வில் இருக்கிறது சங்கதி

பயணத்தில் மொட்டை மாடிகளை வேடிக்கை பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். ஒரே டிஷ்ஷில் இரண்டு மூன்று எல்என்பி (டிஷ் குவிக்கும் அலையை வாங்கும் தலைப்பகுதி) பொருத்தியிருந்தால், அவற்றைத் தாங்கும் பட்டை தரைக்கு மட்டமாக இருக்காது. ஒரு முனை தூக்கியும் மறுமுனை இறங்கியும் நிற்கும். பொருத்திய ஆள் அவசரத்தில் கோணலாக முடுக்கிவிட்டுப் போய்விட்டான் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பல செயற்கைக்கோள்களை ஒரே டிஷ்ஷில் பிடிக்கிற வேலையில் ரசிக்க வேண்டிய இடமே அந்தச் சாய்வுதான். அது எத்தனை டிகிரி என்பதை முடிவு செய்வது நம் ஊர் பூமியில் இருக்கும் இடம்.

திருப்புட்குழியை எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்துக்கு மேற்கே, வேலூர் போகும் வழியில், பாலுச்செட்டிசத்திரத்தை ஒட்டிய ஊர். விஜயராகவப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று; ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த தலம் என்பது ஐதீகம். டிஷ் வைக்கிறவருக்கு இந்தப் பெருமைகள் தேவைப்படா. வடக்கு அட்சம் ஏறக்குறைய 12.9, கிழக்குத் தீர்க்கம் 79.6 என்ற இரண்டு எண்கள் போதும். உத்திரமேரூருக்குப் போய் வைத்தாலும் கோணம் அரை டிகிரிகூட மாறாது.

அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரே வீட்டில் மூன்று போர்ஷனில் இருக்கிறார்கள் என்று வையுங்கள். மூத்தவருக்கு டாடா பிளே, அதன் செயற்கைக்கோள் 83 டிகிரி கிழக்குத் தீர்க்கத்தில். நடுவிலவருக்கு டி2எச், 88-ல். கடைசித் தம்பிக்கு மாதச் சந்தா கட்ட மனமில்லை. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் போதும் என்கிறார். அது 93.5-ல் ஜிசாட்-15. மாடியில் மூன்று டிஷ் வைக்க இடம் இல்லாமல் இல்லை. இருந்தாலும் 90 சென்டிமீட்டர் டிஷ் ஒன்றை வைத்து மூன்றையும் பிடிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

டிஷ்ஷின் பார்வையை நடுவில் உள்ள 88-க்கு வைக்க வேண்டும். மற்ற இரண்டும் ஓரப் பார்வையில் வந்து விழும். இந்த ஊரிலிருந்து பார்த்தால் 83 அடிவானத்திலிருந்து 74 டிகிரி உயரத்திலும், 88 சுமார் 72-லும், 93.5 சுமார் 68-லும் நிற்கின்றன. ஏறக்குறைய உச்சந்தலைக்குப் பக்கம். லண்டன் தமிழர் வீட்டு டிஷ் 28.2 டிகிரிக் கோளைப் பார்க்க வேண்டுமானால் 25 டிகிரி உயரத்தைத்தான் பார்க்க வேண்டும்; எதிர்வீட்டுக் கூரையே மறைத்துவிடும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. 15 மீட்டர் தென்னை ஒன்று 93.5-ஐ மறைக்க வேண்டுமென்றால், அது தென்கிழக்கில் டிஷ்ஷிலிருந்து 6 மீட்டருக்குள் நின்றாக வேண்டும். உயரத்துக்கு ஒரு விலையும் உண்டு. பழைய ஆறடி சி-பேண்ட் டிஷ்ஷை 83-க்குத் திருப்பினால் அது வானத்தை அண்ணாந்து பார்த்தபடி கிடக்கும். வலை டிஷ்ஷாக இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் தண்ணீரும் வேப்பிலையும் அதில் தேங்கும். நடுவில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

இனிச் சாய்வு. இந்தக் கோள்கள் எல்லாமே பூமத்திய ரேகைக்கு நேர்மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே வளையத்தில் நிற்கின்றன. நம் கண்ணுக்கு அந்த வளையம் கிழக்கிலிருந்து எழுந்து, தெற்கு வானத்தின் உச்சியைத் தொட்டு, மேற்கில் இறங்கும் ஒரு வளைவு. நம் ஊருக்கு நேர் தெற்கே இருப்பது 79.6, அங்கேதான் வளைவின் உச்சி. 83, 88, 93.5 மூன்றும் அந்த உச்சியிலிருந்து கிழக்கே இறங்கும் சரிவில் நிற்கின்றன. 88 இருக்கும் இடத்தில் அந்தச் சரிவு சுமார் 32 டிகிரி. ஆகவே எல்என்பி பட்டையும் 32 டிகிரி சாய வேண்டும்.

இதே 88-ஐ டெல்லியில் பிடிப்பவர் பட்டையை 19 டிகிரி சாய்த்தால் போதும். யாழ்ப்பாணத்தில் 39. கன்னியாகுமரியில் 52. தெற்கே போகப்போக வளைவு தலைக்கு மேலே ஏறிவிடுகிறது. அப்போது கிழக்கே உள்ள அடுத்த கோளைப் பார்க்கத் தலையைத் திருப்புவதைவிடத் தாழ்த்துவதுதான் அதிகமாகிறது. விவரம் தெரிந்தவர் ஒரு டிஷ்ஷின் பட்டையைப் பார்த்தே அந்த ஊர் வடக்கா தெற்கா என்று சொல்லிவிட முடியும்.

சாய்வு தெரிந்துவிட்டது, எந்தப் பக்கம் தூக்குவது? இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவார்கள். டிஷ்ஷின் முதுகுப் பக்கம் நின்று வானத்தைப் பார்த்தால், 93.5 இடப்பக்கம் தாழ்வாக இருக்கிறது. அதற்கான எல்என்பியோ வலப்பக்கம், மேலே உட்கார வேண்டும். டிஷ் ஒரு கண்ணாடி. இடமிருந்து வரும் அலையை வலத்திலும் கீழிருந்து வரும் அலையை மேலும் குவிக்கும். 83-க்கு நேர்மாறு: இடப்பக்கம், கீழே. வானத்தில் அடுத்தடுத்த கோள்களுக்கு இடையே உள்ள தூரம் ஆறு டிகிரியை ஒட்டி. பட்டையில் அது ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். எல்என்பியின் கழுத்து சுமார் 4 சென்டிமீட்டர்தான் என்பதால் மூன்றும் ஒன்றையொன்று இடிக்காமல் நிற்கும். அளந்து வைத்ததுபோல அமைந்துவிட்ட இடைவெளி இது. 91.5-ஐயும் 93.5-ஐயும் சேர்த்துப் பிடிக்க ஆசைப்பட்டால் இந்த அதிர்ஷ்டம் கிடையாது, இரண்டு எல்என்பிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

பட்டை சாய்ந்தால் போதாது, ஒவ்வொரு எல்என்பியும் தன் கழுத்திலேயே திரும்ப வேண்டும். அதன் தொண்டைக்குள் எட்டிப் பார்த்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சின்னஞ்சிறு ஊசிகள் தெரியும். ஒன்று கிடைமட்டமாக அதிரும் படுக்கை அலைக்கு, மற்றது செங்குத்தாக அதிரும் நிலை அலைக்கு. கோள் தன் வளையத்துக்கு இணையாகப் படுக்கை அலையை அனுப்புகிறது என்றால், திருப்புட்குழியில் 93.5-க்கான எல்என்பி கணக்குப்படி 46 டிகிரி திரும்பியிருக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. 45 டிகிரி பிசகும்போதுதான் இரண்டு அலைகளும் இரண்டு ஊசிகளிலும் சரிபாதியாகக் கலந்து விழும். அதைவிட மோசமான நிலை இல்லை. அதாவது எல்என்பியைத் திருப்பாமல் நேராக வைத்தால், இந்த ஊரில் ஏறக்குறைய உச்சபட்சத் தப்பு. டெல்லிக்காரர் திருப்ப மறந்தாலும் 27 டிகிரிப் பிசகோடு ஏதோ கொஞ்சம் படம் பார்க்கலாம். காஞ்சிபுரம் வட்டாரத்தில் மறதிக்கு மன்னிப்பு கிடையாது.

டிகிரிக் கணக்கின் நுணுக்கம் தமிழ்நாட்டு மாடிகளுக்கு ஒரு தடவை பெரிய அளவில் சோதனையாக வந்தது. 2010 ஜூலையில் 93.5-ல் இருந்த இன்சாட்-4பி-க்கு மின்சாரக் கோளாறு வந்து, அதன் 24 டிரான்ஸ்பாண்டர்களில், அதாவது அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகளில், பாதியை அணைக்க வேண்டியதாயிற்று. அதை நம்பியிருந்த சன் டைரக்ட், மலேசியாவின் மீசாட்-3-க்கு, 91.5 டிகிரிக்கு மாறியது. வெறும் 2 டிகிரிதானே என்றால், நம் பக்கம் அது திசையில் நாலரை டிகிரியும் உயரத்தில் ஒன்றரை டிகிரியும். ஒன்றரை அங்குலக் குழாயில் கிளாம்ப் எவ்வளவு சுற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டால் 1.5 மில்லிமீட்டர் வருகிறது. ஒரு மில்லிமீட்டர் சொச்சத்துக்காக வீடு வீடாக ஸ்பேனரோடு ஏற வேண்டியிருந்த வேலை அது. இந்தத் தொழிலில் கை எவ்வளவு மெதுவாக இருக்க வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

மெதுவாக இருந்தாலும் போதாது, நிற்கவும் தெரிய வேண்டும். அனலாக் காலத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்த படம் திருப்பத் திருப்பத் தெளியும். டிஜிட்டலில் பாக்ஸ் சிக்னலைப் பூட்டிக்கொள்ளவே ஓரிரு நொடி ஆகிறது. கை ஓடிக்கொண்டே இருந்தால் கோளைத் தாண்டிப் போனதே தெரியாது. ஒரு பொடித் திருப்பு, ஒரு காத்திருப்பு. மாடியிலிருந்து “அண்ணி, வருதா?” என்று ஒரு குரல், கூடத்திலிருந்து “இல்லப்பா, இருந்ததும் போச்சு” என்று பதில் குரல். இந்த உரையாடலுக்கு இன்னும் சரியான மாற்று வரவில்லை. சாட்டிலைட் ஃபைண்டர் வந்திருக்கிறது, வீடியோ கால் வந்திருக்கிறது. அண்ணியின் “வந்துடுச்சு, அப்படியே விடு”வில் உள்ள திருப்தி அவற்றில் இல்லை.

அதற்கு முன்னால் குழாய் நேராக நிற்க வேண்டும். கொத்தனாரின் தூக்குக்குண்டோ ரசமட்டமோ போதும். குழாய் சாய்ந்திருந்தால் திசைக்கணக்கும் உயரக்கணக்கும் ஒன்றையொன்று கெடுக்கும். ஃபோனில் உள்ள திசைகாட்டியை இரும்புக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதும் வீண். நாலடி தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

கடைசித் தம்பி ஒரே பாக்ஸில் மூன்று திசையின் இலவச சானல்களையும் தேட விரும்பினால் நடுவில் எல்என்பிகளை மாற்றி மாற்றி இணைக்கும் டைசெக் சுவிட்ச் வேண்டும். அதற்குப் போகும் கேபிளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். படம் கீழே இறங்கும் அதே செம்புக் கம்பியில் எல்என்பிக்கான மின்சாரம் மேலே ஏறுகிறது. 13 வோல்ட் அனுப்பினால் நிலை அலை, 18 அனுப்பினால் படுக்கை அலை. அதன் மேலேயே 22 கிலோஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய மின் அதிர்வு ஏறினால் மேல் அலைவரிசைக்கு மாற்று என்று பொருள். அதே 22 கிலோஹெர்ட்ஸை வெட்டி வெட்டி அனுப்பினால் அது சுவிட்சுக்குக் கட்டளை: ஒரு மில்லி செகண்டு ஒலி, அரை மில்லி செகண்டு மௌனம் என்றால் சுழியம், அரை ஒலி, ஒரு மௌனம் என்றால் ஒன்று. “மூன்றாவது எல்என்பியைக் கொடு” என்று சொல்லி முடிக்க 54 மில்லி செகண்டு. ரிமோட்டில் விரல் அழுத்தி எடுப்பதற்குள் மாடிக்குச் செய்தி போய்விடுகிறது.

எதிர்முனையில் இருப்பது என்ன? வீட்டு டிஷ்கள் பிடிக்கும் கேயு-பேண்ட் அலைவரிசையில் ஒரு டிரான்ஸ்பாண்டரின் சக்தி 140 வாட் அளவில், இரண்டு சீலிங் ஃபேன் தின்னும் மின்சாரம். அது 36,000 கிலோமீட்டர் தாண்டி, ஒரு துணைக்கண்டம் முழுக்கப் பரந்து, மிச்சம் மீதி இந்த மாடிக்கு வருகிறது. இப்படி ஒரு வளையத்திலிருந்து உலகத்துக்கே ஒலிபரப்பலாம் என்று 1945 அக்டோபரில் வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், பிறகு நமக்குப் பக்கத்தில் இலங்கையிலேயே வந்து குடியேறினார். 1975-76-ல் அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 மூலம் இந்தியாவின் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டிய சைட் திட்டத்தின்போது, இஸ்ரோவினர் அவருடைய கொழும்பு வீட்டிலும் ஒரு டிஷ் வைத்துக்கொடுத்தார்கள். அந்தக் கிராமங்களின் டிஷ் மூன்று மீட்டர் கோழிவலைக் கம்பி. ஆறு மாநிலங்களில் நடந்த அந்தத் திட்டத்தில் தமிழ்நாடு இல்லை என்பது சின்ன வருத்தம்.

மழைக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். ஒன்றும் செய்ய முடியாது. நெட்டுக்குத்தாகப் பார்ப்பதால் மழைக்குள் அலை கடக்கும் தூரம் லண்டனைவிட நமக்குக் குறைவுதான். ஆனால் வடகிழக்குப் பருவமழை கொட்டும் வேகத்தில் கேயு-பேண்ட் நின்றேவிடும். அலைநீளம் கூடிய சி-பேண்ட் அசையாது. டிஷ்ஷைப் பெரிதாக்கினால் கொஞ்சம் தாங்கும், அவ்வளவே.

டிஷ் வைக்க இடம் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மார்ச் 14 வாக்கில் காலை 11.15-ஐ ஒட்டியும், செப்டம்பர் கடைசியில் 11 மணியை ஒட்டியும், திருப்புட்குழியிலிருந்து பார்க்கச் சூரியன் சரியாக 93.5-க்குப் பின்னால் வருகிறது. அந்தச் சில நிமிடங்கள் படம் தடுமாறினால் பாக்ஸைத் திட்ட வேண்டாம். அந்த நேரத்தில் மாடிக்குப் போய், குழாய் ஊன்ற நினைத்திருக்கும் இடத்தைப் பாருங்கள். சூரியனைப் பார்க்க வேண்டாம், தரையைப் பார்த்தால் போதும். வெயில் விழுந்தால் அங்கேயே ஊன்றலாம். தென்னையோ தண்ணீர்த் தொட்டியோ நிழல் போட்டால் நாலடி தள்ளி ஊன்றுங்கள்.